பாடுவோர் முகமும் படம் பிடிப்போர் பணமும்

இசை செவிக்கு உரியது என்பது பழைய கொள்கை. ஆயின் இன்று நம் மாணவர்கள் ஒரு பாடகரின் பெயரைச் சொல்லும்போது அவர் குரலுக்கு முன்னே அவர் தோற்றமே அவர்கள் நினைவில் எழுகிறது. மைக்கல் ஜாக்சன் என்றால் ஒற்றைக் கையுறையும் கறுப்புத் தொப்பியும். எல்விஸ் பிரெஸ்லி என்றால் சுழலும் இடுப்பு. லூயி ஆம்ஸ்ட்றோங் என்றால் பல்வரிசை முழுதும் தெரியும் சிரிப்பும் வியர்வை துடைக்கும் வெள்ளைக் கைக்குட்டையும். பாட்டை மறந்தோரும் படத்தை மறப்பதில்லை. இத்தோற்றங்கள் தாமாக உண்டானவை அல்ல. ஒவ்வொன்றையும் யாரோ தீட்டினர்; யாரோ அதற்குப் பணம் கொடுத்தனர்; யாரோ தம் திரையில் அதற்கு இடம் கொடுத்தனர், அல்லது மறுத்தனர். இன்று இசைக் காணொளி என வழங்கும் பாட்டுப்படத்தின் வரலாற்றைக் கமராவின் அசைவு, படத்தொகுப்பின் வேகம், ஒளியின் வண்ணம் என நுட்பங்களின் வரலாறாக எழுதியோர் பலர். நாம் இங்கு வினவ விரும்புவது வேறு. பாடுவோரின் முகம் யாருடைய உடைமையாய் இருந்தது? இவ்வினாவை அமெரிக்கக் கறுப்பின இசைஞரின் வரலாற்றில் வைத்து நோக்குவதே தகும். இருபதாம் நூற்றாண்டில் உலகம் கேட்ட வெகுசன இசையில் பெரும்பகுதிக்கு ஊற்றுக்கண் அம்மக்களே. தம் முகத்தின்மீது தமக்கு உரிமை மிகக் குறைவாய் இருந்தவர்களும் அவர்களே.

கறுப்பினப் பாடகர் மேடைக்கு வருமுன்பே அவர் முகம் மேடைக்கு வந்துவிட்டது என்பது விந்தையான உண்மை. 1830ஆம் ஆண்டளவில் தோமஸ் ரைஸ் என்னும் வெள்ளை நடிகர், எரித்த தக்கையின் கரியை முகத்திற் பூசிக்கொண்டு ‘ஜிம் குரோ’ என்னும் பாத்திரமாய் ஆடிப்பாடிப் புகழும் பொருளும் ஈட்டினார். அவர் வழியில் எழுந்த மின்ஸ்ட்ரல் ஆட்டம் அரை நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்காவின் பெருங்கேளிக்கையாய் விளங்கிற்று. உழைப்பை வெறுக்கும், எதற்கும் இளிக்கும், அடித்தாலும் ஆடும் ஒரு பொய்மனிதனை அது படைத்தது. அடிமை முறை நிலவிய நாட்டில் அப்பொய் யாருக்குப் பயன்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் கறுப்பினக் கலைஞர்களுக்கு மேடையில் இடம் கிடைத்தபோது, அவர்களிற் பலர் தம் கரிய முகத்தின்மீதே கரி பூசிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. ஜிம் குரோ என்னும் பெயரோ தென்மாநிலங்களின் நிறப்பாகுபாட்டுச் சட்டங்களுக்கே பெயராயிற்று. 1927இல் பேசும்படத்தின் வருகையை உலகுக்கு அறிவித்த ‘ஜாஸ் பாடகன்’ என்னும் படத்தின் நாயகரான அல் ஜோல்சன், முகத்தில் கரி பூசிய வெள்ளையராகவே அதிற் பாடினார். ஜாஸ் இசையைப் படைத்த மக்களின் முகத்துக்கு அதிலே இடம் இருக்கவில்லை.

பாட்டோடு படம் சேர்ந்த கதை பேசும்படத்துக்கும் முற்பட்டது. 1894இல் நியூ யோர்க்கில் எட்வர்ட் மார்க்ஸ், ஜோசப் ஸ்ரேர்ன் என்னும் இரு பாட்டு வெளியீட்டாளர்கள், தம் பாட்டொன்றின் காட்சிகளைக் கண்ணாடித் தகடுகளிற் படமாக்கி, மாயவிளக்கின் மூலம் அரங்கத் திரையில் வீழ்த்தினர். பாட்டின் இசைக்குறிப்புத் தாள் பல இலட்சம் பிரதிகள் விற்பதற்கு அது வழி செய்தது. பாட்டுப்படம் விற்பனையின் ஏவலாளாகவே பிறந்தது என்பதை மனங்கொள்க.

பேசும்படம் வந்த சில ஆண்டுகளில் கறுப்பின இசைஞர் குறும்படங்களில் தோன்றத் தொடங்கினர். 1929இல் பெஸ்ஸி ஸ்மித் நடித்த ‘செயின்ற் லூயிஸ் புளூஸ்’ அவர் நடித்த ஒரே படம்; காதலனால் அடித்து ஏமாற்றப்பட்ட பெண் மதுக்கடையின் பலகையிற் சாய்ந்து நின்று பாடுகிறாள். கதை மலிவானது, குரல் மலிவானதன்று. ஆயினும் இக்காலப் படங்களுள் நம்மை நெடுநேரம் நிறுத்துவது 1932இல் பரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘கறுப்பிலும் நீலத்திலும் ஓர் இசைக்கோலம்’ என்னும் ஏறத்தாழப் பத்து நிமிடப் படமாகும். வீட்டு வேலையை விட்டுவிட்டு ஆம்ஸ்ட்றோங்கின் இசைத்தட்டைக் கேட்டுத் தாளம் போடும் கறுப்பினக் கணவனை, மனைவி தரை துடைக்கும் தும்பினால் தலையில் அடிக்கிறாள். மயங்கி விழும் அவன், தான் ‘ஜாஸ்மேனியா’ என்னும் நாட்டுக்கு மன்னனானதாய்க் கனவு காண்கிறான். அவன் சபையில், முழங்கால் வரை சவர்க்கார நுரை பொங்க, சிறுத்தைத் தோலை உடுத்து ஆம்ஸ்ட்றோங் நிற்கிறார்.

அப்போது ஆம்ஸ்ட்றோங்குக்கு வயது முப்பதை ஒட்டியது. ஜாஸ் இசையில் தனிவாசிப்பு என்னும் கலைக்கே புதிய இலக்கணம் வகுத்த இசைத்தட்டுகளை 1925க்கும் 1928க்கும் இடையில் அவர் பதிவு செய்து முடித்திருந்தார். அத்தகைய மேதையைப் படக் கம்பனி காட்டுமிராண்டி வேடத்தில் நிறுத்தியது. கண் காண்பது அவமானம். ஆனால் அவர் எக்காளத்தை எடுத்து உதட்டில் வைத்ததும் நிகழ்வது வேறு. கண்கள் மூடுகின்றன, உடல் நிமிர்கிறது, சிறுத்தைத் தோல் நம் கவனத்திலிருந்து மெல்ல நழுவுகிறது. படத்தின் உடைமையாளர் தீட்டிய முகமும் இசைஞர் தாமே படைத்த ஒலியும் ஒரே சட்டகத்துள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதை நாம் காண்கிறோம். பின்வந்த இளந்தலைமுறை இசைஞர் சிலர் ஆம்ஸ்ட்றோங்கின் சிரிப்பை வெறுத்தனர். வெள்ளையரை மகிழ்விக்கும் பழைய சிரிப்பு என்று டிஸ்ஸி கில்லெஸ்பி அதைக் கண்டித்தார்; பிற்காலத்தில் அவரே தம் தீர்ப்பைத் தளர்த்தி, நிறவெறி தம் வாழ்வின் மகிழ்ச்சியைப் பறிக்க ஆம்ஸ்ட்றோங் இடங்கொடுக்க மறுத்ததன் அடையாளமே அச்சிரிப்பு என்று கூறினார். இரண்டிலும் உண்மை உண்டென்பதே நம் கருத்து.

சிரித்த முகத்துக்குள் என்ன இருந்தது என்பது 1957 செப்டெம்பரில் வெளிப்பட்டது. ஆர்கன்சா மாநிலத்தின் லிற்றில் றொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் உயர்பள்ளிக்குள் நுழைவதை ஆளுநர் போபஸ் படைகொண்டு தடுத்தார். வட டக்கோட்டாவின் சிறு நகரொன்றில் கச்சேரிக்கு வந்திருந்த ஆம்ஸ்ட்றோங், தம்மைக் காணவந்த இளம் நிருபரிடம், ஜனாதிபதி ஐசன்ஹோவர் துணிவற்றவர் என்றும், தம் மக்களை இவ்வாறு நடத்தும் அரசாங்கத்துக்காகச் சோவியத் நாட்டுக்குச் சுற்றுலா செல்லப் போவதில்லை என்றும் கூறிவிட்டார். இருபத்தைந்து ஆண்டுகள் திரையும் மேடையும் கட்டி வளர்த்த முகம் ஒரே மாலையில் மாறியது. அவரைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அவர் சொல்லை மீளப் பெறவில்லை.

வாஷிங்டன் அரசு அவரை ஏன் சோவியத் நாட்டுக்கு அனுப்ப விரும்பிற்று என்பதையும் இங்கு கூறிவிடுதல் நன்று. 1956 முதல் அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் ஜாஸ் குழுக்களை ஆசிய, ஆபிரிக்க நாடுகளுக்கு அனுப்பி வந்தது. உள்நாட்டில் ஒரே உணவகத்தில் அமர முடியாத மனிதர், வெளிநாட்டில் சுதந்திரத்தின் சின்னமாய் நிறுத்தப்பட்டனர். டியூக் எலிங்ரன் 1963இல் இவ்வேற்பாட்டின் கீழேயே கொழும்புக்கு வந்தார். 1960இல் ஆம்ஸ்ட்றோங் ஆபிரிக்கப் பயணம் மேற்கொண்டபோது, கானாவிலும் நைஜீரியாவிலும் அவருக்கு அனுசரணை வழங்கியது பெப்சி-கோலா நிறுவனம். அங்குத் தன் பானத்துக்குச் சந்தை தேடிய வேளை அது. அவ்வருடம் ஒக்டோபரில் அவர் கொங்கோவின் லியோபோல்ட்வில்லில் வாசித்தபோது, அந்நாட்டின் பிரதமராய்த் தெரிவுசெய்யப்பட்ட பட்ரிஸ் லுமும்பா அதே நகரில் வீட்டுக்காவலில் இருந்தார். மூன்று மாதங்களில் லுமும்பா கொல்லப்பட்டார். இசைஞரின் முகம் எதற்கெல்லாம் திரையாகப் பயன்படும் என்பதற்கு இதனினும் கடுமையான சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

சினிமாவிலிருந்து சற்றே விலகி, மதுக்கடைகளில் நின்ற ஒரு பெட்டியை நோக்குவோம். 1940இல் சிக்காக்கோவின் மில்ஸ் நொவெல்ற்றி கம்பனி ‘பனோரம்’ என்னும் பெரிய மரப்பெட்டியை உருவாக்கியது. பத்துச் சதம் போட்டால் அதன் மங்கற் கண்ணாடியில் மூன்று நிமிடப் பாட்டுப்படம் ஒன்று ஓடும். ‘சவுண்டி’ என்று பெயர் பெற்ற இப்படங்கள் எட்டு ஒரே சுருளில் வரிசையாய் இருந்தன. விரும்பியதைத் தெரிய முடியாது, அடுத்து வருவதைத்தான் பார்க்க வேண்டும். உள்ளே கண்ணாடிகளிற் பட்டு உருவம் திரும்புவதால் படச்சுருளையே இடவலம் மாற்றி அச்சிட்டனர். (அச்சுருளைச் சாதாரண கருவியில் ஓட்டினால் பியானோ வாசிப்பவரின் இடக்கை வலக்கையாய்த் தோன்றும்.) எலிங்ரன், ஃபற்ஸ் வாலர், கப் கலவே, நற் கிங் கோல், லூயி ஜோர்டன் முதலியோர் இப்பெட்டிக்காகப் பாடினர். பணம் போடுவோரில் கறுப்பினத்தவரும் இருந்தமையால் அவர்களுக்கும் படம் தேவைப்பட்டது. சந்தை சில வேளைகளில் தன்னையறியாமல் கதவைத் திறந்துவிடுகிறது. 1942இல் ஜீன் குரூப்பாவின் குழுவில், வெள்ளைப் பாடகியான அனிற்றா ஓடேயும் கறுப்பின எக்காள வித்துவான் றோய் எல்ட்றிட்ஜும் சமமாய் நின்று வேடிக்கை பேசிப் பாடிய ஒரு சவுண்டி எஞ்சியிருக்கிறது. அக்காலப் பெருந்திரையில் அதற்கு இடம் கிடைத்திருக்க மாட்டாது. 1947இல் சவுண்டித் தொழில் முடிந்தது.

அடுத்து வந்த தொலைக்காட்சியோ பார்ப்போரின் நாணயத்தை நம்பியதன்று. விளம்பரக் கம்பனியின் அனுசரணையை நம்பியது. ஆகவே கதவு முன்னிலும் இறுக்கமாய் மூடியது. நற் கிங் கோல் 1956 நவம்பரில் என்.பி.சி. நிலையத்தில் தம் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கினார். மென்மையான குரல், பழுதற்ற உச்சரிப்பு, குறையில்லாத உடை: வெள்ளை நடுத்தர வர்க்கம் கேட்கக்கூடிய நிபந்தனை எதையும் அவர் நிறைவேற்றாமல் விடவில்லை. அதே ஆண்டு ஏப்ரிலில் அலபாமாவின் பேர்மிங்ஹாம் நகர மேடையில் வெறியர் சிலர் அவரைத் தாக்கியிருந்தனர் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும். நிகழ்ச்சியைப் பலர் பார்த்தனர். புகழ்பெற்ற கலைஞர்கள் மிகக் குறைந்த ஊதியத்துக்கு வந்து அவரோடு பாடினர். ஆனால் நாடளாவிய அனுசரணையாளர் ஒருவரும் முன்வரவில்லை. தென்மாநில வாடிக்கையாளர் தம் பொருளைப் பகிஷ்கரிப்பர் என்று அஞ்சினர். 1957 டிசெம்பரில் கோல் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டார். விளம்பர உலகம் இருளைக் கண்டு அஞ்சுகிறது என்று அவர் சொன்ன கசப்பான சிலேடை இன்றும் நினைக்கப்படுகிறது.

இதே மாதங்களில் எல்விஸ் பிரெஸ்லியின் முகம் அதே தொலைக்காட்சியில் உருவாகியது. அவர் புகழின் உச்சிக்கு ஏறிய பாட்டுகளுள் ஒன்றை 1952இல் முதலிற் பதிவு செய்தவர் பிக் மாமா தோர்ன்ரன் என்னும் கறுப்பினப் பாடகி. எழுதியோர் வெள்ளையரான இரு இளைஞர். தமக்கு ஐந்நூறு டொலர் காசோலை ஒன்றே கிடைத்தது என்று தோர்ன்ரன் பிற்காலத்திற் கூறினார். 1956 செப்டெம்பரில் எட் சலிவன் நிகழ்ச்சியில் எல்விஸ் தோன்றியபோது அமெரிக்கர் ஏறத்தாழ ஆறு கோடிப் பேர் பார்த்தனர். 1957 ஜனவரியில் அவரை இடுப்புக்கு மேல் மட்டுமே காட்டினர். அன்று அவர் பாடியவற்றுள் தேவாலயப் பாட்டொன்றும் இருந்தது, அதற்கும் இடுப்புக்கு மேல்தான். கறுப்பினத்தாரின் தாளத்தை வெள்ளை உடலில் ஏற்றி விற்கலாம். அதிலும் பாதி உடலை மறைத்து விற்கவேண்டும்.

டெட்ரொயிட்டில் 1959இல் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனியைத் தொடங்கிய பெரி கோர்டி கறுப்பினத்தவர். லிங்கன்-மேர்க்குரி மோட்டார் ஆலையின் ஓடும் பட்டியில் அவர் வேலை செய்தவர். சட்டகமாய் நுழைவது புதுக்காராய் வெளிவருவதைப் போலத் தெருவிலிருந்து நுழையும் பையன் நட்சத்திரமாய் வெளிவர வேண்டும் என்பது அவர் திட்டம். நடையுடை பாவனை கற்பிக்க மக்சீன் பவெல் என்னும் ஆசிரியை. ஆட்டம் பயிற்ற சொல்லி அற்கின்ஸ் என்னும் முதிய நடனக்காரர். அரசர் அவைக்கும் வெள்ளை மாளிகைக்கும் ஏற்றவர்களாய் உங்களை ஆக்குகிறோம் என்று பவெல் சொல்வாராம். நகரசபை வீடுகளில் வளர்ந்த சுப்றீம்ஸ் குழுவின் பெண்கள் மூவரும் இப்பயிற்சியால் உலகறிந்த சீமாட்டிகளாயினர். இதனை வெறும் போலிக் கனவான்தனம் என்று தள்ளிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு தள்ள ஒப்போம். கரி பூசிய பொய்முகத்தை நூறாண்டுகள் சுமந்த மக்களுக்கு, மிடுக்கான ஆடை ஒரு கவசமாகவும் இருந்தது. எனினும் சந்தையின் கட்டளை அங்கும் ஒலித்தது. மாவலெற்ஸ் குழுவின் 1961ஆம் ஆண்டு இசைத்தட்டின் உறையில் அப்பெண்களின் முகம் இல்லை, தபாற்பெட்டி ஒன்றின் படமே இருந்தது. இஸ்லி சகோதரரின் 1966ஆம் ஆண்டு இசைத்தட்டின் உறையிலோ கடற்கரையில் வெள்ளைக் காதலர் இருவர். கறுப்பினத்தார் நடத்திய கம்பனியே கறுப்பு முகத்தை ஒளித்து விற்கவேண்டியிருந்தது.

பிரித்தானியக் குழுக்களின் நிலை வேறு. 1966இல் பீற்றில்ஸ் குழுவினர், ஒவ்வொரு நாட்டுத் தொலைக்காட்சிக்கும் நேரிற் செல்ல இயலாமையால், தம் பாட்டுகளைப் படமாக்கி அனுப்பினர். அதாவது படம் அவர்களுக்குப் பதிலாள். 1975இல் குவீன் குழுவின் ‘பொஹீமியன் றாப்சொடி’ படம் வந்தபின், படமின்றிப் பாட்டு விற்பது கடினம் என்று இசைத்தட்டுக் கம்பனிகள் உணர்ந்தன.

1981 ஓகஸ்ட் 1ஆந் தேதி அமெரிக்காவில் எம்.ரி.வி. ஒளிபரப்புத் தொடங்கிற்று. வோர்னர் நிறுவனமும் அமெரிக்கன் எக்ஸ்பிறஸ் நிறுவனமும் அதன் கூட்டு உடைமையாளர். இருபத்துநான்கு மணி நேரமும் பாட்டுப்படம். அப்படங்களை இசைத்தட்டுக் கம்பனிகள் தொடக்கத்தில் இலவசமாய்க் கொடுத்தன. விளம்பரத்தையே நிகழ்ச்சியாகவும் நிகழ்ச்சிக்கு நடுவே வேறு விளம்பரத்தையும் காட்டும் இந்த ஏற்பாட்டை, வணிக மூளையின் அரிய கண்டுபிடிப்பு என்றே சொல்லவேண்டும். கைவசம் படங்களை மிகுதியாய் வைத்திருந்தோர் பிரித்தானியக் குழுவினர். ஆகவே திரை அவர்களால் நிரம்பியது.

இவ்விடத்தில் நம் நாடும் கதைக்குள் வருகிறது. எம்.ரி.வி.யின் முதற் பாட்டுப்படத்தை இயக்கியவர் ரசல் மல்கேஹி. அவரே 1982இல் டுரான் டுரான் என்னும் ஆங்கிலக் குழுவோடு இலங்கைக்கு வந்து மூன்று பாட்டுகளுக்குப் படம் பிடித்தார். ஒன்றில் சீகிரியாக் குன்றின் உச்சியில் இளைஞர்கள் நிற்க, கமரா வானிலிருந்து சுற்றி வருகிறது. பொலன்னறுவையின் இடிபாடுகள் அவர்கள் சோகத்துக்குப் பின்னணியாகின்றன. மற்றொன்றில் பாடகர் நெரிசல் மிகுந்த கடைத்தெருவிலும் காட்டிலும் ஒரு பெண்ணைத் தேடித் துரத்துகிறார். அவள் உடலில் விலங்கின் கோலம் தீட்டப்பட்டிருக்கிறது. அப்படங்களில் நம்மவர் முகங்கள் உண்டு: சிறுவர், வியாபாரிகள், யானை நடத்துவோர். எவருக்கும் பெயர் இல்லை. தேயிலைப் பெட்டியின்மேல் ஒட்டிய பழைய படங்களிற் போல அவர்கள் நிலக்காட்சியின் ஒரு பகுதி. அந்தக் குழுவினர் செல்வமும் நாகரிகமும் வாய்ந்த உலகஞ்சுற்றும் வாலிபர் என்னும் தோற்றத்தை இப்படங்களாலேயே பெற்றனர். துரத்தும் கதையைக் கொண்ட படத்துக்கு 1984இல் கிராமி விருதும் கிடைத்தது. 1932இன் சிறுத்தைத் தோல் ஐம்பது ஆண்டுக்குப் பின் வேறொரு உடலில் தீட்டப்பட்டு, நம் தெருக்களில் ஓடியது என்று எண்ணத் தோன்றுகிறது.

இலங்கையின் காடு நாளுக்குப் பலமுறை ஓடிய அத்திரையில் அமெரிக்கக் கறுப்பினத்தார் மிகச் சிலரே இடம்பெற்றனர். எம்.ரி.வி. ‘றொக்’ இசைக்குரிய நிலையம், கறுப்பினத்தார் பாடுவது ‘றொக்’ அன்று, ஆகவே இடமில்லை என்பது நிருவாகத்தின் தருக்கம். இசை வகையின் பெயரால் நிறக்கோடு கிழிக்கப்பட்டது. றிக் ஜேம்ஸ் என்னும் கறுப்பினப் பாடகர் தம் படம் மறுக்கப்பட்டதை வெளிப்படையாய்க் கண்டித்தார். 1983 ஜனவரியில் ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி, தம்மைப் பேட்டி கண்ட எம்.ரி.வி. அறிவிப்பாளரையே மடக்கி, கறுப்பினத்தாரை ஏன் காட்டுவதில்லை என்று வினவினார். உள்நாட்டுச் சிறு நகரங்களின் இரசிகர் அஞ்சக்கூடும் என்னும் பொருள்பட விடை வந்தது. கோலின் நிகழ்ச்சிக்கு இருபத்தைந்து ஆண்டுக்கு முன் சொல்லப்பட்ட அதே காரணம்.

மைக்கல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ 1983 மார்ச்சில் அத்திரைக்கு வந்தது. கம்பனியின் தலைவர் தம் வெள்ளைக் கலைஞர் அனைவரின் படங்களையும் மீளப் பெறுவதாய் மிரட்டியதால் வந்தது என்பர், எம்.ரி.வி. நிருவாகிகள் அதனை மறுத்தனர். ‘திரில்லர்’ இசைத்தட்டு ஏற்கெனவே விற்பனையில் முன்னணியில் நின்றமையால், அவரை விலக்குவது நட்டம் என்ற நிலை பிறந்துவிட்டது என்பதே தெளிவு. அடுத்து ‘பீட் இற்’ படத்துக்குக் கம்பனி பணம் கொடுக்க மறுத்தது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டொலரை ஜாக்சன் தாமே செலவிட்டார். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வறிய வீதிகளில், பகைத் தெருக்குழுக்களின் இளைஞர்களைத் தொழில்முறை ஆடுநரோடு சேர்த்து ஆடவைத்த படம் அது. அதே ஆண்டு மே மாதம் ஒளிபரப்பாகிய மோட்டவுன் வெள்ளிவிழாவில் ஒற்றைக் கையுறையுடன் அவர் பின்னோக்கி வழுக்கி நடந்த நடை உலகை மயக்கிற்று. அந்நடையை அவர் கண்டுபிடித்தார் என்று எண்ணுவோர் உளர். பில் பெய்லி என்னும் கறுப்பின நடனக்காரர் 1950களிலேயே அவ்வாறு மேடையை விட்டு அகல்வது படத்தில் உள்ளது. பின்னர் தெருமுனைகளிற் பெயரறியாச் சிறுவர்கள் அதனை ஆடி வளர்த்தனர். ஜாக்சன் அவர்களிடமிருந்தே கற்றார், அதை மறைத்தவருமல்லர். ஆனால் உலகத்தின் நினைவில் அது ஒருவருடைய முத்திரையாய்ப் பதிந்துவிட்டது.

1983 டிசெம்பரில் வெளிவந்த ‘திரில்லர்’ படம் ஏறத்தாழப் பதினான்கு நிமிடம் ஓடியது. அவ்வளவு செலவுக்குக் கம்பனி உடன்படவில்லை. ஆகவே அப்படம் எடுக்கப்பட்ட விதத்தையே இன்னொரு படமாக்கி, அதனை எம்.ரி.வி.க்கும் வேறொரு நிலையத்துக்கும் விற்றுப் பணம் திரட்டினர். பின் அதுவே வீடியோ நாடாவாகவும் பெருவாரியாய் விற்றது. பாட்டை விற்கப் படம் பிறந்தது 1894இல். இப்போது படத்தை எடுக்கப் படம் எடுத்த கதையை விற்றனர். பண்டம் தன் பிறப்பையும் பண்டமாக்கிற்று.

அடுத்த ஜனவரி 27ஆந் தேதி, பெப்சி விளம்பரப் படப்பிடிப்பில், வெடித்த தீப்பொறியால் ஜாக்சனின் தலைமயிர் பற்றி எரிந்தது. ஆம்ஸ்ட்றோங்கை ஆபிரிக்காவுக்கு அழைத்துச் சென்ற அதே பானம். அன்றுபட்ட காயமும் வேதனையும் அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தன. அவர் முகம் பின்னர் மாறியமை பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளியவற்றை நாம் இங்கு மீட்க வேண்டியதில்லை. 1993 முதல் அவர்மீது சிறுவர் தொடர்பான பாரதூரமான குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2005இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2009இல் அவர் இறந்த பின்னும் வாதம் ஓயவில்லை. பொதுத்தோற்றம் எதையெல்லாம் மறைக்க வல்லது என்னும் வினாவை அவ்வாதம் திறந்தே வைத்திருக்கிறது.

படத்துக்கான செலவு பற்றி ஒரு சொல். கம்பனி செலவிடும் பணத்தில் ஒரு பகுதி, சில வேளைகளில் முழுவதும், கலைஞரின் பங்குப்பணத்திலிருந்து கழிக்கப்படும் என்பது வழக்கமான ஒப்பந்தம். தம்மை விளம்பரம் செய்யும் செலவைத் தாமே கடனாகச் சுமக்கின்றனர். 1995இல் ரி.எல்.சி. என்னும் கறுப்பினப் பெண்கள் மூவர் குழு, தம் இசைத்தட்டு இலட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த நேரத்திலேயே, கடனிறுக்க வகையற்றோராய் நீதிமன்றத்தை நாடியது. அவர்களின் பாட்டுப்படமோ அவ்வாண்டின் மிகப் பகட்டான படங்களுள் ஒன்று. நம் மலையகத்தில் 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட துண்டு முறையை அறிந்தோர்க்கு இந்தக் கணக்குப் புதிதன்று.

1996இல் ஜாக்சன் ‘தே டோன்ற் கெயார் அபவுட் அஸ்’ என்னும் பாட்டுக்குப் படமெடுக்கப் பிரேசில் சென்றார். இயக்குநர் ஸ்பைக் லீ. றியோ நகரின் டோனா மார்த்தா என்னும் குன்றுச் சேரியில் படப்பிடிப்பு என்றதும் அதிகாரிகள் பதறினர். 2004ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியைத் தம் நகருக்குக் கோரிக்கொண்டிருந்த வேளையில் வறுமையைப் படம் பிடிப்பதா? வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. இறுதியிற் படம் பிடிக்கப்பட்டது. சால்வடோர் நகரிலோ ஒலொடும் என்னும் ஆபிரிக்க-பிரேசிலியக் குழுவின் முரசுகள் அவரோடு முழங்கின. டுரான் டுரான் படத்தையும் இதனையும் அடுத்தடுத்துப் பார்க்கும் ஆசிரியர்கள் வேறுபாட்டை மாணவர்க்கு எளிதில் உணர்த்தலாம். இங்கும் ஏழை மக்கள் பின்னணிதான், புகழ்பெற்றவர் முன்னணிதான். ஆனால் முரசு அவர்களுடையது. அவர்கள் கமராவை நேரே பார்க்கின்றனர். 2010இல் அச்சேரி மக்களின் நடுவே ஜாக்சனுக்கு ஒரு வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது.

இணையத்தின் வருகைக்குப் பின் எம்.ரி.வி.யின் வாயிற்காவல் தளர்ந்தது. 2018 மே மாதம் டொனால்ட் குளோவர், சைல்டிஷ் கம்பினோ என்னும் புனைபெயரில் ‘திஸ் இஸ் அமெரிக்கா’ என்ற பாட்டுப்படத்தை வெளியிட்டார். இயக்கியவர் ஹிரோ முராய். வெறுமையான பண்டகசாலை ஒன்றில் மேலாடையின்றி ஆடிவரும் அவர், ஒரு கணம் இடுப்பை வளைத்து, முழங்காலை மடித்து, முகத்தைக் கோணி நின்று, முன்னால் இருப்பவரைச் சுட்டுக் கொல்கிறார். அந்நிலை பழைய அச்சுப் படங்களில் ஜிம் குரோ நிற்கும் நிலையே என்பதைப் பலர் உடனே கண்டுகொண்டனர். சுட்ட துப்பாக்கியைச் சிவப்புத் துணியிற் பக்குவமாய் ஏந்திச் செல்கின்றனர். இறந்த உடலை இழுத்துச் செல்கின்றனர். பின்னணியிற் கலவரம் நடக்க, பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகளோடு அவர் இளித்தபடி ஆடுகிறார். நம் கண்ணும் ஆட்டத்தின் பின்னேயே போகிறது. கடைசிக் காட்சியில் இருளில் வெறிபிடித்தவர்போல் ஓடிவருகிறார். துரத்துவோர் முகங்கள் தெளிவாய்த் தெரிவதில்லை.

2019 பெப்ரவரியில் அப்பாட்டுக்கும் படத்துக்குமாய் நான்கு கிராமி விருதுகள் வழங்கப்பட்டன. ராப் பாட்டொன்று ஆண்டின் சிறந்த பாட்டாகவும் சிறந்த இசைப்பதிவாகவும் தெரிவானது அதுவே முதற்றடவை. கமராக்கள் ஆயத்தமாய் நின்றன. குளோவர் மண்டபத்துக்கு வரவில்லை.